கப்பல் ஏற்றிக்கொள்ளாத மனிதன்

சோர்டா விரிகுடா நிலையம், அண்டார்டிகா
டிசம்பர் 3

அன்புள்ள அக்கா,

நேற்று ஒரு ஸ்குவாப் பறவை செத்துக் கிடந்ததைக் கசிமிரோதான் முதலில் பார்த்தார். டீசல் தொட்டிக்குப் பின்னால், கழுத்து முதுகுப் பக்கம் திருகிக்கொண்டு கிடந்தது. "டாக்டரம்மா, இது தூங்குற தூக்கம் இல்ல, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். பக்கத்தில் இன்னொன்று உயிரோடு இருந்தது. எழுந்திருக்கப் பார்க்கும், இறக்கை தொங்கும், குடிகாரனைப் போல நின்ற இடத்திலேயே சுற்றி விழும். நம் கையிலிருக்கும் ரொட்டியைப் பிடுங்கித் தின்கிற திமிர் பிடித்த பறவை அது. என்னைப் பார்த்து வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

மாதிரி எடுத்து, உறைக்குள் உறை போட்டு, இந்தச் சரக்குக் கப்பலில் அனுப்புகிறேன். இதைத் தொலைபேசியிலும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் தொலைபேசி லகுன்சாவின் அறையில் இருக்கிறது. நிலையத் தலைவர் என்பதால் அவர் எழுந்து போகமாட்டார். சுவர் மெல்லியது என்பதால் மற்றவர்கள் உள்ளே வராமலே எல்லாம் கேட்பார்கள். அலுவலக ஒஃபேலியாவிடம் அங்கிருந்து பேசிக்கொள்கிறேன். அக்கா ஒஃபேலியாவுக்குக் கடிதம்.

நீ அனுப்பிய தயார்நிலைத் திட்டத்தைச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டியாயிற்று. காலணியைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்கிறோம், பறவைகளிடமிருந்து தள்ளி நிற்கிறோம். ஒரே குழலில் எல்லோரும் மாத்தே தேநீர் உறிஞ்சக் கூடாது என்கிற வரிக்குத்தான் கலவரம். கசிமிரோ அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "ஏன்யா, நம்மள இங்கிலீஷ்காரன்னு நெனச்சுட்டாங்களா? தனித்தனியா கப்புல ஊத்திக் குடிக்கிறதுக்கு?" என்றார். மறுநாள் ஆளுக்கொரு குழலைப் பட்டறையில் அவரே செய்து கொண்டுவந்து வைத்தார். இந்த நிலையத்தின் இயந்திரம், குழாய், கதவுக் கீல் எல்லாம் அவர் கைதான்.

விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், நீ வருஷக்கணக்கில் பென்குயின் எண்ணிய உன் தீவு இன்னும் சுத்தமாக இருக்கிறது. பென்குயின்கள் முட்டை மேல் உட்கார்ந்திருக்கின்றன.

கவச உடை அனுப்பு. இருக்கிற கொஞ்சத்தில் தையல் விட்டுப்போனவைதான் அதிகம்.

சுலேமா


உஷுவாயா
டிசம்பர் 17

சுலேமா,

பறவைக் காய்ச்சல்தான். நேற்றுத் தொலைபேசியில் சொன்னபோது "சரி" என்று ஒரே சொல்லோடு வைத்துவிட்டாய். சின்ன வயதில் பொம்மையைப் பிடுங்கினால் இப்படித்தான் "சரி" என்பாய். அப்புறம் மாலை வரைக்கும் பேசமாட்டாய்.

அதனால் எழுத்திலும் சொல்கிறேன். தீவுக்கு யாரும் போகக் கூடாது. கரையில் செத்ததையும் தொடாதே, சாகிறதையும் தொடாதே. தூர நின்று பார், எண்ணு, எனக்குச் சொல். அவ்வளவுதான் உன் வேலை.

கவச உடை இந்த முறை இல்லை. கோபப்படாமல் படி. வடக்குத் தீவுகளில் யானைக் கடல்நாய்க் குட்டிகள் கரை கரையாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. உல்லாசக் கப்பல்கள் இறங்குகிற இடமும் அதுதான், மனிதர்கள் அதிகம் இருக்கிற இடமும் அதுதான். வந்தவை எல்லாவற்றையும் அங்கே அனுப்பிவிட்டேன். அடுத்த பெட்டி புவெனோஸ் ஐரிஸில் சுங்கத்தில் நிற்கிறது. தினமும் ஒருவனிடம் கெஞ்சுகிறேன். அவன் தினமும் "நாளைக்கு மேடம்" என்கிறான்.

அந்தத் தீவு எனக்கு என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் முழங்கால் ஒத்துழைத்திருந்தால் இன்றைக்கும் அந்தப் பாறையில் நான்தான் உட்கார்ந்திருப்பேன். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் நினைக்காதே.

கிறிஸ்துமஸ் ரொட்டி அனுப்பியிருக்கிறேன். உலர்ந்த திராட்சையைப் பொறுக்கித் தூரப் போடாமல் சாப்பிடு.

ஒஃபேலியா


சோர்டா விரிகுடா
ஜனவரி 6

அக்கா,

நீ தொடாதே என்றாய். தொட்டுவிட்டேன். இதை லகுன்சாவின் அறையில் நின்று சொல்ல முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

ரோமக் கடல்நாய்கள் கரையேறத் தொடங்கிவிட்டன. வருபவை திரும்பிப் போவதில்லை. வாயில் நுரை தள்ள, தலை ஆடிக்கொண்டே இருக்க, கூழாங்கல்லில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து ஓய்கின்றன. அவை ஓய்வதற்கு முன்னாலேயே ஸ்குவாக்கள் வந்து கண்ணைக் கொத்துகின்றன. வயிறு நிறைந்ததும் எங்கே போகின்றன தெரியுமா? நேராக விரிகுடாவைத் தாண்டி உன் தீவுக்கு. அங்கே குஞ்சு பொரிந்திருக்கிறது. நான் தூர நின்று பார்த்தேன், எண்ணினேன், உனக்குச் சொன்னேன். நோய் எந்த வழியாகத் தீவுக்குப் போகும் என்பதைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியவில்லை.

பிணங்களை ஸ்குவா கண்ணுக்குத் தெரியாமல் செய்தால் போதும் என்று தோன்றியது. டிராக்டரால் இழுத்துப் பள்ளத்தில் சேர்த்து, தார்ப்பாய் போட்டு, மேலே கல் அடுக்குவது. லகுன்சாவிடம் கேட்டேன். "உஷுவாயா சொன்னா செய்யுங்க. சொல்லலைன்னா நான் இன்னிக்குக் கரைப் பக்கமே வரல" என்றார். அதை அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

கசிமிரோவை நான் கட்டாயப்படுத்தவில்லை. நானே இழுக்கிறேன் என்றுதான் கிளம்பினேன். "டாக்டரம்மா, நீங்க போன வாட்டி டிராக்டர் ஓட்டினதுல கொட்டகைச் சுவர் போச்சு. தள்ளிக்குங்க" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். இருப்பதில் நல்ல உடையை அவருக்குக் கொடுத்தேன். முகக்கவசம் உண்டு. கண்ணாடிதான் மூச்சில் பனி படர்ந்து மறைக்கிறது. கொக்கியை மாட்டும்போது கழற்றிவிடுகிறார். திட்டினேன். "கண்ணு தெரியாம மாட்டினா கடல்நாய்க்குப் பதிலா உங்கள இழுத்துட்டுப் போயிடுவேன்" என்கிறார்.

நேற்று செத்துவிட்டது என்று நினைத்துக் கொக்கியை மாட்டிய ஒன்று தலையைத் தூக்கித் தும்மியது. அவர் முகமெல்லாம் நுரை. உடனே கழுவினோம், திரும்பத் திரும்பக் கழுவினோம்.

அது ஒன்றுதான் என் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. மற்றபடி செய்ததற்கு நான் வருத்தப்படவில்லை. கரை காலியாக இருக்கிறது. ஸ்குவாக்கள் கூரை மேல் உட்கார்ந்து எங்களை முறைக்கின்றன.

சுலேமா


உஷுவாயா
ஜனவரி 11

சுலேமா,

நிறுத்து. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் நிறுத்து. தொலைபேசியில் இதையே சொல்லத்தான் முயன்றுகொண்டிருக்கிறேன். உங்கள் பக்கத்து இணைப்பு நேற்றிலிருந்து கிடைக்கவில்லை.

நீ சொல்கிற காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. நானே அந்த யோசனையைத் திட்டக் குழுவில் வைத்தேன். முறையான உடை இல்லாமல் மனிதர்களைப் பிணத்தின் பக்கம் விடக்கூடாது என்று மறுத்தார்கள். அவர்கள் மறுத்தது சரி. நீ மிருக வைத்தியம் படித்தவள். நுரை முகத்தில் பட்டால் என்ன என்று உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா? "தள்ளிக்குங்க" என்று சொன்னதால் அவர் எல்லாம் தெரிந்து ஏறினார் என்று ஆகிவிடுமா?

கவச உடை வந்துவிட்டது. விரிகுடாப் பக்கம் போகிற ஓர் உல்லாசக் கப்பலில் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கரையில் இறங்கமாட்டார்கள், ரப்பர் படகில் கொண்டுவந்து பாறையில் வைத்துவிட்டுப் போவார்கள். கசிமிரோவைத் தனியாகத் தங்க வை. காய்ச்சல் பார். நீயும் பார்த்துக்கொள். ஏதாவது இருந்தால், எந்த நேரமானாலும், யார் கேட்டுக்கொண்டிருந்தாலும், கூப்பிடு.

கூப்பிடுடீ.

ஒஃபேலியா


சோர்டா விரிகுடா
பிப்ரவரி 1

ஒஃபேலியா,

உன் கடிதமும் உன் கவச உடைகளும் வந்தன. எந்தக் கப்பலில் வந்தன என்று உனக்குத் தெரியும். கசிமிரோவை ஏற்றிக்கொள்ளாமல் போன கப்பலில்.

இணைப்பு திரும்பிய பிறகு அந்த நாட்களில் நீயும் நானும் தொலைபேசியில் பேசியதெல்லாம் வெறும் காய்ச்சல் அளவும் காற்றின் வேகமும்தான். இங்கே நடந்ததை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அவருக்கு முதலில் உடம்பு வலி, கண் சிவப்பு. பிறகு மூச்சு. பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று இளைப்பாறினார். எங்களிடம் இருப்பது ஒரு மருத்துவ உதவியாளரும் இரண்டு பிராணவாயு உருளைகளும். புன்தா அரேனாஸில் விமானம் தயாராக நிற்கிறது என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். இங்கே மூடுபனி எங்கள் கொடிக் கம்பத்தையே மறைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கப்பல் வந்தது. அதில் மருத்துவர் இருந்தார். மூச்சுக் கருவி இருந்தது. ஜன்னல் வழியாக அதன் விளக்குகள் தெரிந்தன. லகுன்சா பேசினார், நோயாளி ஒருவர் இருக்கிறார் என்றார். கப்பல் தலைவர் படகை இறக்குகிறேன் என்றார். இறக்கியும் விட்டார். அதற்குப் பிறகு உன்னோடு பேசினார். அதற்குப் பிறகு படகு வந்தது, ஆனால் ஆளை ஏற்ற இல்லை. ஒரு மாலுமி மூட்டையைப் பாறை மேல் வைத்தான். எங்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். போய்விட்டான்.

நான் உள்ளே வந்தபோது கசிமிரோ விழித்திருந்தார். "திரும்பிப் போகுதா?" என்று கேட்டார்.

"இல்ல, இடம் மாத்தி நிறுத்துறாங்க" என்றேன்.

"டாக்டரம்மா, நான் கப்பல்ல வேலை பார்த்தவன். நங்கூரம் தூக்குற சத்தம் எனக்குத் தெரியாதா?"

பிறகு, டிராக்டரில் எண்ணெய் கசிகிறது, யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மூடுபனி விலகி விமானம் கிளம்பிய செய்தி வந்தபோது அவர் இல்லை.

நீ அந்தக் கப்பல்காரனிடம் என்ன சொன்னாய்? "காய்ச்சல், மூச்சுத் திணறல்" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அதுவும் உண்மைதான். பாதி உண்மை போதுமாக இருந்தது. உனக்கு எப்போதுமே முழுசாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு இனி எழுதாதே. அலுவலகச் செய்தி இருந்தால் லகுன்சாவிடம் சொல்.

சுலேமா


உஷுவாயா
பிப்ரவரி 14

சுலேமா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போட விரும்பினால் படித்துவிட்டுக் கிழி.

கப்பல் தலைவர் என்னிடம் நேராகவே கேட்டார். "இந்த ஆள் பறவைகளையோ கடல்நாய்களையோ தொட்டாரா?" லைனில் அவர் மூச்சுவிடுவது கேட்டது. நான் இல்லை என்று சொல்லியிருந்தால் ஏற்றியிருப்பார். அது உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கப்பலில் வயதானவர்கள், சமையல்காரர்கள், அறை துடைக்கிற பெண்கள், எல்லாமாக இருநூறு பேருக்கு மேல். அவர்களுக்கு அடுத்த துறைமுகம் வர எத்தனையோ நாள். நான் "தொட்டார்" என்றேன். "தனி அறையில் வைக்கலாம், உடை அனுப்பியிருக்கிறேன், உங்கள் மருத்துவருக்கு வழிமுறை சொல்கிறேன்" என்றும் சொன்னேன். கெஞ்சினேன், சுலேமா. அப்படி ஓர் அறை தன்னிடம் இல்லை என்றார். மன்னிப்புக் கேட்டார். வைத்துவிட்டார்.

கசிமிரோவிடமிருந்து எடுத்த மாதிரியின் முடிவு வந்துவிட்டது. அதே நோய்தான். இதை என் கட்சிக்குச் சாட்சியாக எழுதவில்லை. முடிவு வேறாக இருந்திருந்தால் நான் இன்றைக்கு எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. இப்படி வந்தும் தூங்க முடியவில்லை.

அவர் மனைவி டெல்ஃபினாவிடம் நானே போய்ச் சொன்னேன். கடற்படையிலிருந்து ஒருவர் வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். மேட்டுக் குடியிருப்பில் கடைசி வீடு. நண்டு பதப்படுத்தும் கூடத்தில் வேலை முடிந்து, ரப்பர் காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. உட்காரவில்லை, அழவில்லை. என்னையும் உட்காரச் சொல்லவில்லை. நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.

"கப்பல்காரன்கிட்ட யாரு சொன்னது?"

"நான்தான்."

"என்னன்னு?"

"அவரு கடல்நாயெல்லாம் இழுத்தாரு, பறவைக் காய்ச்சலா இருக்கலாம்னு."

"கப்பல்ல எத்தன பேரு?"

"இருநூறுக்கு மேல."

"அவங்கள்ல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சா?"

"இல்ல."

"நல்லது" என்றாள். "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க. குளிரு உள்ள வருது."

சாத்திவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டு இறங்கி முடிவதற்குள் உள்ளேயிருந்து வந்த சத்தத்தை நான் உனக்கு எழுதமாட்டேன்.

ஒஃபேலியா


சோர்டா விரிகுடா
மார்ச் 2

அக்கா,

கிழிக்கவில்லை.

நேற்று உன் கவச உடையைப் போட்டுக்கொண்டு தீவுக்கு எதிரே உள்ள பாறை வரைக்கும் படகில் போனோம். இறங்கவில்லை. தொலைநோக்கியால் பார்த்தேன். குஞ்சுகள் பெரும்பாலும் பஞ்சு இறகு உதிர்ந்து கடலுக்குப் போய்விட்டன. கடைசிக் கூட்டம் நீர் விளிம்பில் நின்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தது. செத்துக் கிடந்தவை மற்ற வருஷங்களை விட அதிகமில்லை. ஸ்குவாக்கள்தான் இல்லை. அவற்றின் கூடுகள் இருந்த மேட்டில் எங்கு பார்த்தாலும் பழுப்பு இறக்கைகள் காற்றில் எழுந்து விழுகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் உயிரோடு இருப்பதைப் போலத் தெரிகிறது.

நாங்கள் பிணங்களை இழுத்ததால்தான் பென்குயின்கள் தப்பினவா? தெரியாது அக்கா. ஒரு பிணத்தைக்கூட இழுக்காத தெற்கு நிலையத்திலும் தப்பியிருக்கின்றன என்று லகுன்சா சொன்னார். ஆமாம் என்று ஓர் ஆதாரம் கிடைக்காதா என்று என் குறிப்புகளையெல்லாம் புரட்டினேன். கிடைக்கவில்லை. கசிமிரோ எதற்காகச் செத்தார் என்று அவர் மனைவி கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நீ அந்தக் கப்பல்காரனிடம் சொன்னது சரி என்று எழுத இன்னும் கை வரவில்லை. தவறு என்று எழுதவும் வரவில்லை. ஆனால் ஒன்று. அவரை அந்தக் கரைக்குக் கூட்டிப்போனது நீ இல்லை. உன் மேல் கோபத்தை வைத்துக்கொண்டிருந்தவரைக்கும் அதை நினைக்காமல் இருக்க முடிந்தது. அவர் சாவு பற்றிய விசாரணைக்கு, எல்லாம் என் முடிவுதான் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ இடையில் புகுந்து, "நான்தான் வாய்மொழியாக அனுமதி கொடுத்தேன்", அது இது என்று எதையும் சொல்லாதே. உன்னைத் தெரியும் எனக்கு.

அவர் உடல் பழைய கிடங்கில் இருக்கிறது. அவர் வைத்திருந்த பலகைகளாலேயே பெட்டி செய்தோம். உள்ளே தகரம் அடித்து, மூட்டு மூட்டாக ஈயம் ஊற்றி அடைத்தாயிற்று. அப்படியும் இதுவரை எந்தக் கப்பலும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. உயிரோடும் ஏற்றவில்லை, இப்படியும் ஏற்றவில்லை. லகுன்சா எனக்கு வருகிற வாரம் விமானத்தில் ஓர் இடம் பிடித்திருக்கிறார். நான் போய், அவர் இங்கேயே கிடப்பதா?

ஏதாவது செய். இப்போது அலுவலக ஒஃபேலியாவிடம்தான் கேட்கிறேன்.

சுலேமா


உஷுவாயா
மார்ச் 9

சுலேமா,

லகுன்சாவின் சுவர் வழியாக ஏற்கெனவே கேட்டிருப்பாய். கடற்படையின் சரக்குக் கப்பல் வருகிறது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவதும் அதுதான். அதன் தலைவர் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஒத்துக்கொண்டார் என்று சொல்ல ஆசைதான். நிறையக் கேட்டார். எல்லாவற்றுக்கும் முழுசாகவே பதில் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "சரிம்மா, மேல்தளத்துல வச்சு, மேல கொடியப் போத்திக் கூட்டிட்டு வரோம்" என்றார். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

அடுத்த கோடைக்கான கூட்டம் இங்கே நடந்தது. எல்லா நாட்டுக் கொடிக்காரர்களும் வந்திருந்தார்கள். பறவைக்கு, கடல்நாய்க்கு, காலணிக்கு என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த நாங்கள், நோயில் விழுந்த மனிதனை யார் ஏற்றுவது என்று ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. இந்த முறை நான் எழுதினேன். அடைத்து வைக்க ஒரு தனி அறை இல்லாத கப்பல் நம் விரிகுடாக்களுக்குள் வரக் கூடாது. அறை உள்ள கப்பல், கூப்பிட்டால் வந்து ஏற்ற வேண்டும், எந்தக் கொடிக்காரனாக இருந்தாலும். நிலையங்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டன. கப்பல் முதலாளிகளில் சிலர் போட்டார்கள். மற்றவர்கள் "பார்க்கலாம்" என்றார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கும் எனக்கும் தெரியும். விடப்போவதில்லை.

விசாரணையில் நான் இடையில் புகவில்லை. மிகவும் கஷ்டப்பட்டுத்தான் புகாமல் இருந்தேன். நீ எழுதியதைப் படித்தார்கள். அடுத்த இரண்டு கோடைக்கு உனக்கு அங்கே இடம் இல்லை. சொல்லிவிட்டேன், இனி அதைப் பற்றித் தொலைபேசியில் கேட்டு லகுன்சாவின் காதை நிறைக்காதே.

நேற்று டெல்ஃபினா அலுவலகத்துக்கு வந்தாள். கப்பல் வருகிற நாளைக் கேட்டாள். சொன்னேன். எழுந்து கதவு வரைக்கும் போனவள், அங்கேயே நின்று, "உங்க தங்கச்சி எதுல வர்றா?" என்றாள்.

"விமானத்துல. அடுத்த வாரம்."

"வேணாம். அவரு வர்ற கப்பல்லயே வரச் சொல்லுங்க. கடல்ல அத்தன நாளு அவரு தனியா கெடக்கக் கூடாது. கூடவே உக்காந்து வரட்டும். வந்து என் மூஞ்சியப் பார்த்து, நடந்தது பூரா அவளே சொல்லட்டும்."

"சொல்லுவா. ஆனா நீங்க கேக்குற எல்லாத்துக்கும் அவகிட்ட பதில் இல்ல" என்றேன்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும். உங்க வீட்டுல யாருக்கும் பொய் சொல்ல வராதுன்னுதான் தெரியுதே" என்றாள். அது பாராட்டா சாபமா என்று எனக்குப் புரியவில்லை.

உன்னைக் கேட்காமலேயே விமான இடத்தை ரத்து செய்துவிட்டேன். கம்பளி அதிகமாக எடுத்துக்கொள், மேல்தளத்தில் காற்று அறுக்கும். துறைமுகத்தில் டெல்ஃபினா முன்னால் நிற்பாள். நான் எங்காவது பின்னால் நிற்பேன். முதலில் அவளிடம் போ.

ஒஃபேலியா